டிஎன்எஸ்மாஸ்க்: லேப் கணினிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட

தானாக ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும் நெட்வொர்க்கில் ஒரு கணினியைப் பெயரால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் சரியான கணினி வந்து நிற்க வேண்டும். ஒரே வளாகத்துக்குள் இந்த வேலையைச் செய்ய டிஎன்எஸ்மாஸ்க்கை விட நல்ல மென்பொருளை நான் பார்த்ததில்லை. கீழே அதன் குறைகளையும் நிறையவே எழுதப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி லேப்களைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று லேப், அலுவலகம், நூலகம், ஸ்டாஃப் ரூம்கள். விண்டோஸும் உபுண்டுவும் கலந்த டெஸ்க்டாப்கள், சில பிரிண்டர்கள், வருகைப்பதிவு மெஷின்கள், கோப்புகள் வைக்க ஒரு சர்வர், புராஜெக்டுக்காக மாணவர்கள் கொண்டுவரும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகைகள். ஒதுக்கி வைத்த பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, அதில் டிஎன்எஸ்மாஸ்க் ஓடுகிறது. இந்த வேலைக்கு அந்த மெஷினே அதிகம்.

"மேடம், லேப் ரெண்டுல பதினாலாம் நம்பர்ல பிரிண்ட் போகல" என்று போன் வரும். என் இடத்திலிருந்தே 'லேப்2-14' என்று தட்டி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நேற்று 192.168.10.57 ஆக இருந்தது இன்று வேறாக இருக்கலாம், அதனால் எண்ணை நினைவில் வைத்து ஒரு பயனும் இல்லை. பெயரே பதிவாகவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, பிழைச் செய்தி வரும், நிறுத்திக்கொள்ளலாம். பெயர் பதிவாகி, அது தவறான முகவரியைக் காட்டினால்தான் ஆபத்து. பிராக்டிகல் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கணினியை நான் இங்கிருந்து ரீஸ்டார்ட் செய்துவிட முடியும். பெயர்ப் பதிவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முன்பு இணைய இணைப்போடு வந்த ரவுட்டர் ஒன்றே முகவரியும் வழங்கிக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கணினிகளின் பெயர்கள் அழகாக வரிசையாகத் தெரியும். ஆனால் அந்தப் பெயர்களை டிஎன்எஸ் கேள்விக்கு, அதாவது 'இந்தப் பெயருக்கு என்ன முகவரி' என்ற கேள்விக்கு, பதிலாகச் சொல்ல அதற்குத் தெரியாது. கேட்டால் கேள்வியை அப்படியே வெளியே அனுப்பிவிடும். வெளியுலகத்துக்கு எங்கள் லேப்2-14 எப்படித் தெரியும்? பல ரவுட்டர்களில் இந்த நிலைமைதான். பெயரைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு வேலை, கேட்பவருக்குச் சொல்வது இன்னொரு வேலை. அவற்றுக்கு நடுவே கம்பி இல்லை.

டிஎன்எஸ்மாஸ்க்கில் அந்தக் கம்பி தேவையே இல்லை. முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரும், பெயருக்குப் பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வரும் ஒரே நிரலுக்குள் இருக்கின்றன. லாட்ஜில் சாவி கொடுப்பவரே பதிவேட்டையும் எழுதி, "யார் எந்த ரூம்" என்று கேட்பவருக்கும் பதில் சொல்வது போல. ஒரு கணினி முகவரி கேட்கும்போது, தன் பெயரையும் 12-ஆம் எண் ஆப்ஷனில் சேர்த்து அனுப்புகிறது. விண்டோஸ் அதோடு 81-ஆம் எண் ஆப்ஷனில் முழுப் பெயரையும் அனுப்பும். டிஎன்எஸ்மாஸ்க் முகவரியைக் கொடுத்து முடிக்கும்போதே அந்தப் பெயர் டிஎன்எஸ்ஸில் வந்துவிடுகிறது. முகவரியிலிருந்து பெயரைத் தேடும் எதிர்த்திசைப் பதிவும் கூடவே வந்துவிடும். லாக்கில் வெறும் எண்ணுக்குப் பதிலாகக் கணினியின் பெயரைப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். முகவரியைப் பயன்படுத்த அனுமதித்த காலம், அதாவது லீஸ், முடிந்தால் பதிவும் போய்விடும். நாம் எதையும் துடைக்க வேண்டியதில்லை.

இன்னொரு நல்ல குணம்: லீஸிலிருந்து வரும் பதில்களுக்கு அது வழக்கமாக ஆயுள் பூஜ்யம் என்று போட்டு அனுப்புகிறது. அதாவது கேட்ட கணினி அந்தப் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளக் கூடாது. மெஷின் வேறு முகவரிக்கு மாறினால் அடுத்த கேள்விக்கே புதிய பதில் கிடைக்கும். முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு இது மிகச் சரியான முடிவு.

இதே வேலையைப் பெரிய முறையில் செய்வதும் உண்டு. பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் ஒரு பக்கம், தனி டிஎச்சிபி சர்வர் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் பொதுவான ரகசியச் சாவி. முகவரி வழங்கியதும் டிஎச்சிபி சர்வர் 'இந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்' என்று டிஎன்எஸ்ஸுக்குச் செய்தி அனுப்பும். அதற்கான விதிமுறை 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2136. நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடுதான், ஆனால் சிக்கக்கூடிய முடிச்சுகள் அதிகம். யார் பதிந்த பெயர் என்பதற்கு ஓர் அடையாளப் பதிவும் கூடவே எழுதப்படும். கணினியை மறுபடி நிறுவினாலோ நெட்வொர்க் கார்டை மாற்றினாலோ அடையாளம் பொருந்தாமல், 'இந்தப் பெயர் என்னுடையதில்லை' என்று டிஎச்சிபி சர்வர் ஒதுங்கிக்கொள்ளும். பழைய முகவரி அப்படியே தங்கிவிடும். பெயர்ப் பதிவுகள் இருக்கும், தானாகப் புதுப்பிக்கப்படும் ஸோன் கோப்பைக் கையால் திருத்த வேண்டும் என்றால் முதலில் அதை உறைய வைக்க வேண்டும், திருத்திய பிறகு விடுவிக்க வேண்டும். மேலும் பல வருடங்களாக இந்தக் கூட்டணியில் பாதியாக இருந்த ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வரின் பராமரிப்பை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்தில் இப்போது கியா என்ற டிஎச்சிபி சர்வர் இருக்கிறது. அதிலும் பெயர்ப் பதிவுக்கென்று தனியாக ஒரு நிரல் ஓட வேண்டும். ஆளும் நேரமும் இருக்கும் இடத்துக்கு அது பொருந்தும். மூன்று லேப்புக்கு ஒரு ஆள் என்ற இடத்துக்குப் பொருந்தாது.

சரி, பாராட்டு போதும். டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுவிய பிறகு வரும் கஷ்டங்களில் முக்காலே மூணுவீசம் ஒரே உண்மையிலிருந்து வருகின்றன. பெயரைச் சொல்வது கணினி. சர்வர் அதை நம்புகிறது. கணினி தவறான பெயரைச் சொன்னால் தவறான பெயர்தான் பதிவாகும்.

எங்கள் லேப்பில் ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, அதன் வட்டை அப்படியே மற்ற எல்லாவற்றிலும் நகலெடுப்போம். எல்லா லேப்பிலும் இதுதான் வழக்கம். நகலெடுத்த எல்லா மெஷின்களும் ஒரே பெயரைச் சொல்லும். அப்போது டிஎன்எஸ்மாஸ்க் என்ன செய்யும் என்பதைக் கையேட்டிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: இரண்டாவதாக வந்த கணினி அதே பெயரைச் சொன்னால், பெயர் அதற்குப் போய்விடும். முதல் கணினி பெயரில்லாமல் நிற்கும். அப்புறம் முதல் கணினி லீஸைப் புதுப்பிக்கும்போது பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். லீஸ் காலத்தில் பாதி கடந்ததும் புதுப்பிப்பு நடப்பதால், பெயர் நாள் முழுக்க மெஷின் மெஷினாக ஊஞ்சலாடும். ராஸ்பெர்ரி பை பலகைகளின் கதையும் இதே. பழைய முறையில் எழுதிய மெமரி கார்டுகளில் எல்லாம் 'ராஸ்பெர்ரிபை' என்ற ஒரே பெயர்தான் இருக்கும். புராஜெக்ட் சீசனில் ஐந்து குழு ஒரே நேரத்தில் பலகையை மாட்டினால், "மேடம், எங்க போர்டுக்குள்ள போனா வேற டீமோட கோடு இருக்கு" என்று வந்து நிற்பார்கள்.

இதற்கான மருந்து டிஎன்எஸ்மாஸ்க்கிலேயே இருக்கிறது. இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். 'டிஎச்சிபி-ஹோஸ்ட்' என்ற வரியில் நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரியையும் பெயரையும் எழுதிவிட்டால், கணினி என்ன பெயர் சொன்னாலும் நாம் எழுதிய பெயர்தான் டிஎன்எஸ்ஸில் ஏறும். இந்தப் பட்டியலை முதன்மை கான்ஃபிக் கோப்பில் போட வேண்டியதில்லை. தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, மாற்றியதும் ஒரு ஹேங்-அப் சிக்னல் அனுப்பினால் போதும், சர்வரை நிறுத்தாமலே புதிய பட்டியலைப் படித்துக்கொள்ளும். எங்கள் பட்டியலை முன்பே விரிதாளில் வைத்திருந்தோம். எந்த மேஜையில் எந்த மெஷின், அதன் மேக் முகவரி என்ன என்பது ஸ்டாக் ரெஜிஸ்டருக்காக எப்படியும் எழுதியே ஆக வேண்டும். அதிலிருந்தே இந்தக் கோப்பைத் தயாரிக்கிறேன்.

அதோடு 'டிஎச்சிபி-இக்னோர்-நேம்ஸ்' என்ற அமைப்பையும் சேர்த்துப் போட்டால் காரியம் முழுமையாகிவிடும். பட்டியலில் இல்லாத கணினிகள் சொல்லும் பெயரை ஏற்காதே என்று இதில் சொல்லலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் தானே 'தெரிந்தவர்' என்று ஓர் அடையாளம் கொடுக்கிறது, அந்த அடையாளம் இல்லாதவர்களின் பெயரை மட்டும் ஒதுக்கச் சொல்லலாம். முகவரி எல்லோருக்கும் கிடைக்கும். பெயர் மட்டும் நாம் ஒப்புக்கொண்டவர்களுக்கே. லேப் நெட்வொர்க்குக்கு நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஸ்டாஃப் ரூம் பக்கம் மட்டும் பழைய வழக்கப்படி கணினி சொல்லும் பெயரை ஏற்க விட்டிருக்கிறேன். ஆசிரியர்கள் சொந்த லேப்டாப் கொண்டுவருவார்கள், ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

பிரிண்டர்களுக்கு இது பெரிய வரம். எச்பி பிரிண்டர் தன்னை 'என்பிஐ' என்று ஆரம்பித்து ஆறு எழுத்து-எண் கலவையாக அறிமுகம் செய்துகொள்ளும். பிரதர் பிரிண்டர் 'பிஆர்என்' என்று தொடங்கித் தன் மேக் முகவரியையே பெயராகச் சொல்லும். அந்தச் சின்னத் திரையில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பெயர் மாற்றுவதற்குள் கை வலித்துவிடும். இங்கே ஒரு வரி எழுதினால் 'நூலகம்-பிரிண்டர்' தயார். பிரிண்டருக்கு நிலையான ஐபியைக் கையால் போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். கையால் ஐபி போட்ட கருவி டிஎச்சிபியிடம் வருவதே இல்லை, அதனால் பெயரும் பதிவாகாது. வேண்டிய ஐபியை அதே டிஎச்சிபி-ஹோஸ்ட் வரியில் எழுதிவிட்டால் முகவரியும் மாறாது, பெயரும் கிடைக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் கொடுத்த பெயர் டிஎன்எஸ்ஸில் இருக்குமே தவிர, விண்டோஸ் தன் சொந்தப் பெயரை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளாது. லினக்ஸும் தனக்கென்று பெயர் இல்லாதபோதுதான் பொதுவாக டிஎச்சிபி சொல்வதை எடுத்துக்கொள்ளும். ஆகவே 'டெஸ்க்டாப்' என்று ஆரம்பித்து விண்டோஸ் நிறுவும்போது வைக்கும் அந்தப் பெயர் கணினிக்குள் அப்படியே இருக்கும், டிஎன்எஸ்ஸில் லேப்2-14 என்று இருக்கும். மெஷினுக்குள்ளும் சரியான பெயரை வைத்துவிடுவதுதான் முறை. நகலெடுத்த பிறகு பெயர் மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

உபுண்டு சர்வர் நகல்களில் இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. 18.04 முதல் அதன் டிஎச்சிபி கிளையன்ட் மேக் முகவரிக்குப் பதிலாக, மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தை அனுப்புகிறது. வட்டை நகலெடுத்தால் அந்தக் கோப்பும் நகலாகும். மேக் முகவரி வேறு வேறாக இருந்தும் சர்வரின் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள். இரண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி போகும், பெயரும் குழம்பும். நகலெடுக்கும் முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்துவிடுவதே சரியான தீர்வு. நெட்பிளான் என்ற உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் மேக் முகவரியையே அடையாளமாகப் பயன்படுத்தச் சொல்லவும் வழி உண்டு. டிஎன்எஸ்மாஸ்க்கின் பக்கத்திலும், இந்த அடையாளத்தைப் பார்க்காதே, மேக்கை மட்டும் பார் என்று சொல்ல 'டிஎச்சிபி-இக்னோர்-சிஎல்ஐடி' என்ற அமைப்பு இருக்கிறது.

லேப்டாப்பில் கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் இரண்டு மேக், ஒரு பெயர். இரண்டையும் ஒரே வரியில் எழுதி ஒரே ஐபி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் அனுமதிக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் ஒன்று மட்டும் இயங்கினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்று கையேடே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினி சொல்லும் பெயரை நம்புவதில் பாதுகாப்புப் பிரச்சினையும் இருக்கிறது. கல்லூரியில் இதைப் பற்றி யோசிக்காமல் இருக்கவே முடியாது. ஒரு மாணவர் தன் லேப்டாப்புக்கு 'டபிள்யூபேட்' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? இணையத்துக்கு இடைத்தரகராக நிற்கும் பிராக்ஸி சர்வரின் அமைப்பைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி விட்டிருக்கும் கணினிகள், நெட்வொர்க்கில் அந்தப் பெயரைத்தான் தேடும். அந்த லேப்டாப் பதில் சொல்லி, எல்லோருடைய இணையப் போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்ப முடியும். 2018-இல் இது பொதுவான எச்சரிக்கையாகவே வெளியானது. டிஎன்எஸ்மாஸ்க்கின் மாதிரி கான்ஃபிக் கோப்பில் அந்தப் பெயரை மட்டும் ஒதுக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன, முன்னால் உள்ள குறியை நீக்கினால் போதும். அதைச் செய்யாமல் மாணவர்கள் இருக்கும் நெட்வொர்க்கில் யாரும் இதை ஓட்டக் கூடாது.

சர்வரின் பெயரை யாராவது திருடிக்கொள்வார்களோ என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் ஓடும் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு பெயர் இருந்தால், வேறு முகவரியிலிருந்து வரும் கணினிக்கு அந்தப் பெயரை அது கொடுக்காது. கொடுக்க மறுத்ததையும் காரணத்தையும் லாக்கில் எழுதிவைக்கும். எங்கள் கோப்பு சர்வரின் பெயர் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

செல்போன்களைப் பொறுத்தவரை நான் பெயர்ப் பதிவையே கைவிட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு 8-இல் டிஎச்சிபிக்குப் பெயர் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. பயனரின் அந்தரங்கத்துக்கு அது நல்லதுதான். போன்களுக்குத் தனி வைஃபை, தனி முகவரி வரிசை, அந்த வரிசைக்குப் பெயர் வேண்டாம் என்ற அமைப்பு. அவ்வளவே.

டொமைன் பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. நிறையப் பேர் உள் நெட்வொர்க்குக்கு '.லோக்கல்' என்று வைக்கிறார்கள். அந்தப் பின்னொட்டு எம்டிஎன்எஸ் என்ற வேறொரு முறைக்கு ஒதுக்கப்பட்டது. ஆப்பிளின் மேக் கணினிகளும் பல லினக்ஸ் கணினிகளும் அதைப் பார்த்தவுடன் உங்கள் சர்வரிடம் கேட்காமல் நேரடியாக நெட்வொர்க்கில் கூவத் தொடங்கிவிடும். வீட்டுக்கு 'ஹோம்.ஆர்பா' என்ற பெயரை 2018-இல் ஆர்எஃப்சி 8375 ஒதுக்கியது. நிறுவனங்களுக்கும் தனியார் நெட்வொர்க்குகளுக்கும் '.இன்டர்னல்' என்பதை 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒதுக்கிவைத்தது. நாங்கள் அதற்குத்தான் மாறியிருக்கிறோம். எதை வைத்தாலும், 'லோக்கல்' என்ற அமைப்பில் அந்த டொமைனைக் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நம்மிடம் இல்லாத உள் பெயர்களைப் பற்றிய கேள்விகள் வெளியே போகும்.

இனி எனக்குத் திருப்தி தராத பகுதி: ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் பெரும்பாலான கணினிகள் யாரிடமும் கேட்காமல் தங்கள் முகவரியைத் தாங்களே அமைத்துக்கொள்கின்றன. கேட்கவே இல்லை என்றால் பெயரைச் சொல்லவும் வாய்ப்பில்லை. டிஎன்எஸ்மாஸ்க் இதற்கு 'ஆர்ஏ-நேம்ஸ்' என்ற உபாயம் வைத்திருக்கிறது. பழைய முறையான ஐபிவி4-இன் லீஸில் கிடைத்த பெயரையும் மேக்கையும் வைத்து, இந்தக் கணினியின் ஐபிவி6 முகவரி இப்படி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பிங் செய்து பார்த்து, பதில் வந்தால் பதிந்துகொள்ளும். யோசனை அருமையானது. ஆனால் இன்றைய விண்டோஸும் போன்களும் மேக்கிலிருந்து முகவரியை அமைப்பதில்லை, ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொள்கின்றன. அதனால் கணக்கு பொருந்துவதில்லை. உள் நெட்வொர்க்கில் பெயர்த் தேடலை ஐபிவி4-இலேயே வைத்திருப்பதுதான் இப்போதைக்கு நிம்மதி.

இரண்டாவது குறை, துணைக்கு ஆள் இல்லை. இரண்டு டிஎன்எஸ்மாஸ்க் சர்வர்கள் ஒரே லீஸ் பட்டியலைப் பகிர்ந்துகொண்டு, ஒன்று விழுந்தால் மற்றது எடுத்து நடத்தும் ஏற்பாடு இதில் கிடையாது. அந்தப் பழைய டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை போனால் லேப் நிற்கும். கான்ஃபிக்கையும் பட்டியலையும் இன்னொரு மெஷினில் நகலாக வைத்து, கேபிளை மாற்றிப் போட்டு எழுப்பும் அளவுக்குத் தயாராக இருக்கிறேன். ஒரு நிமிடமும் நிற்கக் கூடாத மருத்துவமனை, வங்கி போன்ற இடங்கள் கியாவுக்குப் போவதுதான் சரி. அதில் இரட்டை சர்வர் வசதி இருக்கிறது.

ரவுட்டரிலேயே இதைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தகவல். ரவுட்டர்களுக்கான இயங்குதளமான ஓப்பன்-டபிள்யூஆர்டியில் டிஎன்எஸ்மாஸ்க்தான் வழக்கமான டிஎச்சிபி, டிஎன்எஸ் சர்வர். அங்கே லீஸ் கோப்பு நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. கரண்ட் போய் வந்தால் கோப்பு காலி. அங்கே வழக்கமான லீஸ் 12 மணி நேரம் என்பதால், இணைப்பு அறுபடாமல் இருந்த ஒரு கணினி புதுப்பிக்க வரும் வரை, ஆறு மணி நேரம்கூட அதன் பெயர் காணாமல் இருக்கலாம். "நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை" என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம். சாதாரண வட்டில் எழுதும் டெபியனில் இந்தத் தொல்லை இல்லை. மறுபடி தொடங்கியதும் பழைய பட்டியலைப் படித்துப் பெயர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் பயன்படுத்துபவர்களும் உள்ளே டிஎன்எஸ்மாஸ்க்கைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் மேலே சொன்ன பலவும் அங்கேயும் பொருந்தும்.

பெயர் சரியாகப் பதிவாகியும் கணினி கிடைக்கவில்லை என்றால், கேட்கும் கணினி யாரிடம் கேட்கிறது என்று பாருங்கள். யாராவது டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 என்று கையால் போட்டிருப்பார்கள், அல்லது பிரவுசர் தன் சொந்த வழியில் வெளியே கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு இடத்திலும் லேப்2-14 தெரியாது. இன்னொரு காரணம், யாரோ ஸ்டாஃப் ரூமில் சிறிய வைஃபை ரவுட்டரைத் தவறான துளையில் மாட்டி, அதுவும் முகவரி வழங்க ஆரம்பித்திருக்கும். அதனிடம் முகவரி வாங்கிய கணினி நம் பதிவேட்டில் வராது. இதை டிஎன்எஸ்மாஸ்க் தடுக்க முடியாது, சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதி இருந்தால் அங்கேதான் தடுக்க வேண்டும். மற்றபடி 'லாக்-டிஎச்சிபி' என்ற அமைப்பைப் போட்டால், எந்த மெஷின் என்ன பெயர் சொன்னது, என்ன முகவரி வாங்கியது என்று ஒவ்வொன்றும் லாக்கில் தெரியும். இதைவிடத் தெளிவான லாக் எழுதும் டிஎச்சிபி சர்வரை நான் பார்த்ததில்லை.

பாதுகாப்பு ஓட்டைகள் வந்ததுண்டு. 2017-இல் கூகுள் ஆட்கள் ஏழு கண்டுபிடித்தார்கள், 2.78 பதிப்பில் சரிசெய்யப்பட்டன. 2021 ஜனவரியில் டிஎன்எஸ்பூக் என்ற பெயரில் இன்னும் ஏழு வெளிவந்தன, அவற்றை 2.83 சரிசெய்தது. சைமன் கெல்லி 2001-இலிருந்து இதைப் பராமரித்து வருகிறார், ஓட்டை தெரிந்தால் திருத்தம் வருகிறது. டெபியனில் அப்டேட் செய்தால் முடிந்தது. பழைய ஃபர்ம்வேரோடு கைவிடப்பட்ட ரவுட்டர்களுக்குள் இருக்கும் பிரதிகள்தான் கவலைக்குரியவை.

யார் இதை எடுக்க வேண்டாம்? விண்டோஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி வைத்திருக்கும் அலுவலகங்கள். அங்கே கணினிகள் தங்கள் பெயரை அதன் மைய சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் தாங்களே பதிந்துகொள்ளும். அந்த ஏற்பாட்டுக்கு நடுவே டிஎன்எஸ்மாஸ்க்கை நுழைத்தால் யாருக்கும் நிம்மதி இருக்காது. பழைய பதிவுகளைத் துடைக்கும் ஸ்கேவெஞ்சிங் வசதி அங்கே வழக்கமாக அணைந்தே இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். முதலில் அங்கே கவனிக்க வேண்டியது அதுதான்.

உபுண்டுவில் நிறுவப்போகிறவர்களுக்கு: டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் எண் போர்ட்டை உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு முன்பே பிடித்து வைத்திருக்கும், டிஎன்எஸ்மாஸ்க் எழும்போதே 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று விழும். எந்த நெட்வொர்க் கார்டில் கேட்க வேண்டும் என்று குறிப்பிட்டு, 'பைண்ட்-இன்டர்ஃபேசஸ்' போட்டால் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும். கான்ஃபிக்கைத் திருத்தியதும் 'டெஸ்ட்' என்ற ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எங்கள் கல்லூரியில் அடுத்து வரும் புதிய கட்டடத்துக்கும் இதே பழைய டெஸ்க்டாப்தான். சுவிட்சில், முகவரிக் கோரிக்கைகளைக் கடத்திவிடும் டிஎச்சிபி ரிலே போட்டுவிட்டு, அந்தக் கட்டடத்தின் நெட்வொர்க் பகுதிக்கு இன்னொரு முகவரி ரேஞ்ச் வரியைச் சேர்க்கப்போகிறேன்.